ஹோரஸ் வின்டர்போர்னின் இன்னொரு கை

கையில் சிகரெட்டோடு இயேசுநாதர் நின்றால் எப்படி இருக்கும் என்று நான் கனவிலும் யோசித்ததில்லை. சிட்னியில் இறங்கிய மறுநாளே பார்த்துவிட்டேன்.

நகரத்தின் நடுவில் இருக்கும் பெரிய நூலகம் அது. ஊதா நிறத் தலைமுடியோடு ஒரு பெண் அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, பென்சில் மட்டும்தான் வைத்துக்கொள்ளலாம், பேனா கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். திறந்ததும் முதல் புகைப்படமே அதுதான். தலையில் முள்முடி. வெள்ளை அங்கி. வலது கை ஆசீர்வாதம் செய்ய உயர்ந்திருக்கிறது, கண்களில் அத்தனை கருணை. இடது கை இடுப்போரம் தொங்குகிறது, விரலிடுக்கில் பாதி எரிந்த சிகரெட்! "ஆத்தாடி!" என்று கத்தியேவிட்டேன். வாசிப்பறையில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. ஊதாத்தலைப் பெண் மட்டும் சிரித்தாள். அவள் ஏற்கெனவே பார்த்திருப்பாள் போல.

இவரைத் தேடித்தான் மதுரையிலிருந்து இத்தனை தூரம் வந்தேன். பெயர் ஹோரஸ் வின்டர்போர்ன், நூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கில நாடக நடிகர். சாமி வேஷம் கட்டிய நடிகர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். நம் ஊரில் முருகனாக நடித்தவரின் காரை மறித்துக் கற்பூரம் காட்டிய கதையெல்லாம் எனக்கு மனப்பாடம். வெள்ளைக்காரர்களிடமும் இந்தக் கூத்து உண்டா என்று துழாவியபோது சிக்கியவர் இவர். இவரைப் பற்றி ஒரு அத்தியாயம், கொஞ்சம் நக்கலாக, எழுதி முடித்துவிட்டால் புத்தகம் அச்சுக்குப் போய்விடும்.

பாவம், அந்த மனிதருடைய தொழில் வாழ்க்கையே ஒரு நக்கல்தான். செருப்புக்கடைக்காரர் மகன். நாடகத்தில் ஈட்டி பிடித்து நிற்கும் காவலாளியாகத் தொடங்கி, பத்து வருடம் ஊர் ஊராகச் சுற்றி, கதாநாயகனின் நண்பன் வரைக்கும் வந்தார். அப்போது ஒரு பேசாப்படக் கம்பெனி அவருடைய நீள முகத்தைப் பார்த்து இயேசு வேஷத்துக்குப் பிடித்துப் போட்டது. லண்டனுக்கு வெளியே ஒரு சுண்ணாம்புக் குழிதான் கல்வாரி மலை. படம் ஓடு ஓடென்று ஓடியது. அதோடு அவர் பிழைப்பில் மண் விழுந்தது. மதுக்கடைக்குப் போகக் கூடாது, பொது இடத்தில் புகைக்கக் கூடாது, பெண்டாட்டி இருப்பதையே வெளியே சொல்லக் கூடாது என்று ஒப்பந்தம். நாடகத்தில் திருடனாக வந்தால் மாடியிலிருந்து யாரோ, "ஆண்டவரே, உமக்கா இந்த வேலை?" என்று கூவுகிறார்கள். கொட்டகையே சிரிக்கிறது.

தலை தப்பினால் போதும் என்று கப்பலேறி சிட்னிக்கு வந்துவிட்டார். இங்கே அவரை யாருக்கும் தெரியாது. கொலைகாரன், கொள்ளைக்காரன், அடுத்தவன் பெண்டாட்டியை இழுத்துக்கொண்டு ஓடுகிறவன் என்று விதவிதமான வில்லன் வேஷங்கள். ஆசை தீர நடித்தார், ஆசை தீரக் குடித்தார். ஆறு மாதம்தான். பின்னாலேயே அந்தப் படமும் கப்பலேறி வந்து சேர்ந்துவிட்டது! இதைப் படித்தபோது நூலகத்தில் என் சிரிப்பை அடக்கக் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டேன்.

புகைப்படத்தைக் கைப்பேசியில் பிடித்துக்கொண்டு பென்டில் ஹில் திரும்பினேன். அங்கே என் கல்லூரித் தோழி வசந்தா வீட்டில் தங்கல். அன்றைக்குப் பார்த்து ரயில் பாதி வழியோடு சரி, மீதிக்கு பஸ். பஸ் டிரைவர் ஒரு திருப்பத்தில் வழியை விட்டுவிட்டு, பயணிகளைப் பார்த்து, "யாருக்காவது வழி தெரியுமா மக்களே?" என்று கேட்டார். நம் ஊரில் டிரைவர் வழி தவறினால் கண்டக்டரோடு சண்டையே நடக்கும். இங்கே ஒரு கிழவர் எழுந்துபோய் முன்னால் நின்று கைகாட்டினார், எல்லோரும் இறங்கும்போது டிரைவருக்கு நன்றி வேறு சொன்னார்கள். என்னால் நம்பவே முடியவில்லை.

வசந்தா மளிகைக் கடையிலிருந்து முருங்கைக்காய் வாங்கி வந்து சாம்பார் வைத்திருந்தாள். படத்தைக் காட்டினேன். "ஏய் மல்லிகா, இதை எங்கயும் காட்டிக்கிட்டுத் திரியாத. மெல்போர்ன்ல நீ தங்கப் போற வீடு பயங்கர பக்தி" என்று எச்சரித்துத்தான் அனுப்பினாள்.

மெல்போர்னில் கிரான்பர்ன். ஜூட் என்பவர் வசந்தாவோடு முன்பு வேலை பார்த்தவர், இலங்கையில் மன்னார்க்காரர். விமான நிலையத்துக்கு அவரே வந்திருந்தார். காரில் ஏறும்போது வெயில், பாதி வழியில் ஆலங்கட்டி மழை, வீட்டு வாசலில் மறுபடி வெயில். நவம்பரில் இப்படியா என்றால், "இது மெல்போர்ன் அக்கா, குடையும் கூலிங்கிளாசும் ஒண்டாத்தான் கொண்டு திரிய வேணும்" என்றார்.

வீட்டில் ஜூட்டின் மனைவி நிரோஷினி, நிறைமாதம். ஏற்கெனவே இரண்டு முறை தங்காமல் போயிற்றாம். இம்முறை ரத்த அழுத்தம் ஏறி இறங்குகிறது என்று டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லியிருந்தார். அவளுடைய அம்மா பிலோமினா அன்ரிதான் அந்த வீட்டு மகாராணி, நம் ஊர் ஆன்ட்டி அவர்கள் வாயில் அன்ரி. எழுபது தாண்டிய உருவம், ஆனால் குரலுக்கு இருபது வயது. ஐம்பத்தாறு வயதுக்காரியான என்னை வாசலிலேயே "வா பிள்ளை" என்று கூப்பிட்டுக் கதிரையில் உட்காரவைத்துவிட்டார்.

குசினியிலிருந்து வந்தது பார், சாப்பாடு! குழல் புட்டு, மஞ்சள் மஞ்சளாகத் தேங்காய்ப்பால் சொதி, தேங்காய்ச் சம்பல், கொதிக்கக் கொதிக்க மீன் குழம்பு. எனக்கு வெட்கம் மானம் எல்லாம் போய்விட்டது. அன்ரி மட்டும் மீனைத் தொடவில்லை, வெறும் சொதியில் புட்டைக் குழைத்துக்கொண்டிருந்தார்.

"நேர்த்தி, பிள்ளை. இவளுக்குச் சுகமாப் பிறக்கிற வரைக்கும் மீன் மச்சம் தொடுறேல்ல. பிறந்த பிறகும் ஒரு வருசம்."

"அம்மா ஃபிஷ் இல்லாம ஒரு நாள் இருந்ததில்ல. ஷீ இஸ் கிரேசி" என்றாள் நிரோஷினி சோபாவில் படுத்தபடி.

ஏழு மணிக்குச் செபமாலை சொல்ல எல்லோரும் உள் அறைக்குப் போனார்கள். விருந்தாளி தனியாக உட்கார்ந்திருப்பது மரியாதையில்லை என்று நானும் போய் நின்றேன். மேசையில் வெள்ளைத் துணி, இரண்டு மெழுகுதிரி, நடுவில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு படம். சாயம் தீட்டிய பழைய படம். முள்முடி, வெள்ளை அங்கி, உயர்ந்த வலது கை, அதே கருணைக் கண். இடது கை இருந்த பக்கத்தைக் கத்தரித்துவிட்டிருந்தார்கள்.

என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. "அய்யய்யோ, சிகரெட்டு எங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அதோடாவது வாயை மூடினேனா? எனக்குப் பதற்றத்தில் பேச்சு நிற்காது. வின்டர்போர்ன், சுண்ணாம்புக் குழி, வில்லன் வேஷம் என்று மொத்தக் கதையையும் கொட்டினேன். நம்பாமல் முறைத்த ஜூட்டிடம் கைப்பேசியை வேறு எடுத்து நீட்டினேன். ஜூட் பார்த்தார். நிரோஷினி பார்த்தாள். அன்ரி இரண்டு கையாலும் வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். கண்ணுக்குக் கண், மயிருக்கு மயிர் அதே படம்.

"என்னைப் பெத்த ஐயாவுக்கு வெள்ளைக்காரச் சுவாமி குடுத்தவர். கோயில் முற்றத்தில சினிமாப் படம் போட்டுக் காட்டிப்போட்டுக் குடுத்த படம்" என்றார் அன்ரி கடைசியில். "மூண்டு தரம் இடம்பெயர்ந்தும் இதைத்தான் மடியில கட்டிக்கொண்டு வந்தனான். ஏழு மாசமா இவருக்கு முன்னால முழங்கால்ல நிண்டு இவளுக்காகக் கேட்டனான். அப்ப நான் ஆரிட்டக் கேட்டனான் பிள்ளை?"

நிலம் பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

ஜூட் படத்தைக் கழற்றி, கார் நிறுத்தும் காராஜில் வைத்துவிட்டு ஃபாதருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் ஃபாதர் சிரித்தபடி, "அம்மா, நீங்கள் படத்தையோ கும்பிட்டனீங்கள்? அங்கால இருக்கிறவரைத்தானே. எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும்" என்றார்.

போனை வைத்ததும் அன்ரி, "ஃபாதருக்குப் பிள்ளை குட்டி இல்ல. அவர் சுகமாச் சொல்லுவார்" என்றார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. மகளுக்கு அழுத்தம் கொஞ்சம் கூடிவிட்டது என்று ஜூட் மறுநாள் காலையில் என்னைப் பார்க்காமல் சொன்னார். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஹோட்டலுக்குப் போகிறேன் என்றேன். கேட்டதும் அன்ரிக்குக் கோபம் வந்துவிட்டது.

"கொளுத்திப்போட்டுப் போறியோ? இரு. இண்டைக்கு நீ எங்க போறாய்?"

நகரத்தில் ஒரு திரைப்படக் காப்பகத்தில் வின்டர்போர்ன் நடித்த படத்தின் துண்டு ஒன்று இருக்கிறது, அதைப் பார்க்கப் போகிறேன் என்றேன்.

"நானும் வாறன். ஆளை நேர பாக்க வேணும்."

ஜூட் தடுத்தார், நிரோஷினி தடுத்தாள். யார் கேட்டார்கள்? பிளாஸ்கில் தேத்தண்ணி, டப்பாவில் மரக்கறி றோல்ஸ், தோளில் கைப்பை என்று அன்ரி எனக்கு முன்னால் ஸ்டேஷனில் நின்றார். ரயில் முழுக்க வின்டர்போர்னுக்கு அர்ச்சனை. "குடிகாரப் பேய்! உனக்கு வேற வேசம் கிடைக்கேல்லயோ?" கிளேட்டனில் இரண்டு மாணவர்கள் ஏறினார்கள், நம் ஊர்ப் பையன்கள். ஒருவன் மற்றவனிடம், "பாட்டி யாரைடா இப்பிடித் திட்டுறாங்க?" என்றான். "மருமகனா இருக்கும்" என்றான் மற்றவன்.

காப்பகத்தில் எங்களை ஒரு சிறு அறையில் திரைக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். மிஞ்சியது பத்து நிமிடத் துண்டுதானாம். வின்டர்போர்ன் வந்தார். பண்ணைக்காரன் வேஷம், தொப்பி, ஊதிப்போன முகம். போத்தலைத் திறந்து குடிக்கிறார். பெண்டாட்டியின் தலைமயிரைப் பிடித்து வாசல் வரைக்கும் இழுக்கிறார். அந்த வலது கைதான். ஆசீர்வாதம் செய்த அதே கை ஓங்கி இறங்கியபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு வருடமாக இவரைப் பற்றி எழுதுகிறேன், இப்படி ஒரு வெறியை நான் எதிர்பார்க்கவில்லை.

"அடப் பாவி! உன்னட்டயோ நான் பிள்ளையைக் கேட்டனான்?" என்று அன்ரி திரையைப் பார்த்து அலறினார். கதவைத் தட்டி ஒரு பையன் எட்டிப் பார்த்தான், எல்லாம் சரியா என்று கேட்டான். சரி, சரி என்று தலையாட்டி அனுப்பினேன்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தோம்.

"இந்தாள் எப்பிடிச் செத்தது?" என்றார் அன்ரி.

இந்த ஊரிலேயே ஒரு மலிவு விடுதியில் என்றேன். நாடகமும் இல்லை, சினிமாவும் இல்லை, குடியால் நாக்கு தடித்துப்போய் வசனம் வராதாம். இரண்டு நாள் கழித்துத்தான் கதவை உடைத்தார்கள். பொதுச் செலவில் புதைத்தார்கள், கல்லறையில் பெயர்கூடக் கிடையாது.

"ஆத்துமத்துக்குப் பூசை வைச்சவையோ?"

"யார் வைப்பாங்க? யாருமே வரலைன்னு பேப்பர்ல போட்டிருந்துச்சு அன்ரி."

அன்ரி ஒரு றோல்ஸை எடுத்து என் கையில் வைத்தார். தான் சாப்பிடவில்லை. அதன் பிறகு திட்டவும் இல்லை.

திரும்பும் ரயிலில், டாண்டினாங் வருமுன்னே ஜூட்டின் அழைப்பு. நிரோஷினிக்கு அழுத்தம் எகிறிவிட்டது, ஆம்புலன்சில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள், உடனே வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுக்க வேண்டுமாம். அன்ரியின் கையிலிருந்து போன் நழுவி ஆசனத்துக்கு அடியில் ஓடியது. நான் முட்டி போட்டுத் தேடி எடுத்து நிமிர்ந்தால் அன்ரியின் முகத்தில் ரத்தமே இல்லை. என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் வளைந்துவிட்டது.

"பிள்ளை, இப்ப நான் ஆரைக் கூப்பிட? கண்ணை மூடினா ஒரு முகமும் வருகுதில்ல. அந்தக் குடிகாரன்தான் வாறான்."

என்னால்தானே! எழுபது வருடம் கண்ணை மூடினால் வந்த முகத்தை நான் ஒரு வாய்த் துடுக்கில் துடைத்துப் போட்டுவிட்டேனே என்று அழுகை வந்தது. எனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் மனதுக்குள் கூப்பிட்டேன், மீனாட்சியை, அழகரை, பாண்டி முனியை. அவர்களை அன்ரிக்குக் கடன் கொடுக்கவா முடியும்?

"அந்தப் படத்தை எடு" என்றார் திடீரென்று.

"அன்ரி, என்கிட்ட இருக்கிறது சிகரெட்டோட இருக்கிற படம்."

"பிடிக்கட்டும். ஆர் பிடிக்கேல்ல? எடு கெதியா."

கொடுத்தேன். ரயில் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு கட்டட வேலைக்காரர் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு தூங்கினார். அன்ரி என் கைப்பேசியை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பிடித்து, அந்த முகத்தோடு பேசினார். தலை சாய்த்துக் கேட்டேன், கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நான் உன்னட்டக் கேக்கேல்ல, விளங்குதோ? ஆண்டவரிட்டத்தான் கேக்கிறன். நீயும் சேர்ந்து கேள். இத்தனை வருசம் நான் சொன்னது எல்லாம் உனக்குத் தெரியும்தானே. புதுசா ஒருத்தருக்கு முதல்ல இருந்து சொல்ல எனக்கு இப்ப நேரமில்ல."

நான் நக்கலடித்து எழுதிவைத்திருந்த பக்கங்கள் எல்லாம் அந்த ரயிலில் வந்து என்னைக் கன்னத்தில் அறைந்தன.

பெண் குழந்தை. எடை குறைவு, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள், ஆனால் என்னமாய் அழுதது! நிரோஷினி கண் விழித்து முதலில் கேட்டது தண்ணீர். ஜூட் ஆஸ்பத்திரி நடையில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். காலையில் என் முகத்தைப் பார்க்காத மனிதர்.

வீட்டுக்கு வந்ததும் அன்ரி காராஜுக்குப் போனார். செபமேசையில் ஒரு மரச் சிலுவையை வைத்தார். வின்டர்போர்னைத் துடைத்துக் கொண்டுவந்து கூடத்துச் சுவரில், தன் கணவர் மரியாம்பிள்ளையின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். "ரெண்டும் குடிச்சுச் செத்ததுகள். ஒண்டை ஒண்டு பாத்துக்கொள்ளட்டும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் தமிழ்ப் பூசை. குழந்தை பிறந்த சந்தோசத்துக்காகப் போகிறார்கள் என்று நினைத்து, நானும் நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன். கோயில் நிறையச் சனம். நவம்பர் மாதம் இறந்தவர்களுக்கானதாம். பூசை முடிவில் ஃபாதர் இறந்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசித்தார். பெயர் வந்ததும் அந்த வீட்டு ஆள் எழுந்து, முன்னால் போய் மெழுகுதிரி ஏற்றி வைக்க வேண்டும். சூசைப்பிள்ளை. மதலேனம்மா. மரியாம்பிள்ளை. அன்ரி எழுந்து போய் ஏற்றிவிட்டு, மூச்சு வாங்க என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஹோரஸ் வின்டர்போர்ன்" என்றார் ஃபாதர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சனம் அங்குமிங்கும் திரும்பி, எந்த வெள்ளைக்காரர் எழுந்திருக்கிறார் என்று பார்த்தது. யாரும் எழவில்லை. ஃபாதர் காத்திருந்தார். என் விலாவில் அன்ரியின் முழங்கை இடித்தது. கையில் ஒரு புது மெழுகுதிரி.

"எழும்பு பிள்ளை."

"நானா? அன்ரி, நான் கிறிஸ்தவளே இல்லை."

"அதை அவர் கேட்டவரோ? ஒரு வருசமா அந்தாளுக்குப் பின்னால திரிஞ்சது நீதானே. உன்னை விட்டா அவருக்கு ஆர் இருக்கினம்? எழும்பு."

எழுந்தேன். அந்த நீள நடையில் அத்தனை கண்ணும் என் முதுகில். புதுத் திரி, என்ன செய்தும் பற்றவே இல்லை. வரிசையில் எனக்கு முன்னால் ஏற்றியிருந்த ஒரு வயதான அம்மா தன் திரியைச் சாய்த்து எனக்குப் பற்றவைத்தபடி, மெல்லக் கேட்டார்.

"வெள்ளைக்காரப் பேரா இருக்கு. உங்களுக்கு அவர் ஆர்?"

சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"எங்க வீட்டு ஆள்தாங்க" என்றேன்.